மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்கிய கேம்ஷாஃப்ட்

கார் இன்ஜினுக்கான ஒரு பாகத்தை, அதன் சத்தம் பிடித்துப்போனது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியவன் நான். இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை யார் கேட்டாலும் பெட்ரோல் சரியில்லை, பேட்டரி சரியில்லை, பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு சரியில்லை என்று கண்டதன் மேலெல்லாம் பழி போட்டுக்கொண்டிருந்தேன். (ரோடு இப்போதும் சரியில்லைதான். அது வேறு வழக்கு.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிள்ளானில் அம்மா, தங்கை மாலினி, நான் என்று மூன்று பேர். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய பழைய வெள்ளைக் கார் என் கைக்கு வந்திருந்தது. அப்பா அதை எண்பதுக்கு மேல் ஓட்டியதே கிடையாது. ஃபெடரல் ஹைவேயில் எண்ணெய் லோரிகூட எங்களை முந்திக்கொண்டு போகும். "அவனுக்கு என்ன அவசரமோ, போகட்டும்" என்பார். பின் சீட்டில் எனக்கு மானம் போகும். எந்த லோரி ஓட்டுநராவது என் முகத்தைப் பார்த்துவிடுவாரோ என்று குனிந்துகொள்வேன்.

அந்த அப்பா ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். "மாலினிக்கு வர்ற மாப்பிள்ளைய நம்ம கார்லதான் அழைச்சிட்டு வருவேன். வாடகைக் கார் எல்லாம் வேணாம்." எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை தானாக நடந்துவந்து மண்டபத்துக்குள் நுழைந்துவிட முடியாது. பெண் வீட்டார் அலங்கரித்த காரோடு போய், மாலை போட்டு, மோதிரம் போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்து வரவேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணன் வேலை. குமரேசனோடு மாலினிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நான் எடுத்த முதல் முடிவு, மாப்பிள்ளை அப்பா காரில்தான் வருவார் என்பது. இரண்டாவது முடிவு, அந்தக் கார் வருவது ஊருக்கே தெரியவேண்டும் என்பது. முதல் முடிவில் தப்பில்லை.

அந்தக் காருக்கு ஏற்கனவே ஒரு சூப்பர்சார்ஜர் போட்டிருந்தேன். அது இன்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் ஒரு பம்ப். குழந்தை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாலும் அம்மா சோற்றைத் திணிப்பாரே, அந்த மாதிரி. என் பள்ளித் தோழன் லியோங் ஜெஞ்சாரோமில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன்தான் மாட்டிக்கொடுத்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் அவன் தமிழ் நன்றாகவே பேசுவான், திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவான். கார் தங்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் லோரிகளை எல்லாம் முந்திப் பழி தீர்த்துக்கொண்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் பைத்தியங்கள் கூடும் ஒரு பார்க்கிங்கில்தான் என் புத்தி கெட்டது. ஒருவர் தன் காரை ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்திவைத்திருந்தார். தடக்... தட தடக்... தடக். கார் முழுவதும் குலுங்கியது. கூரைமேல் வைத்திருந்த தே தாரிக் கோப்பை தானாக நகர்ந்தது. தவில்காரர் வாசிக்க ஆரம்பிக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார் அல்லவா, அப்போது உடம்பில் ஏதோ செய்யுமே, எனக்கு அப்படிச் செய்தது. இந்தச் சத்தத்தோடு மாப்பிள்ளையை அழைத்து வந்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே கண்ணை மூடிப் பார்த்தேன்.

"என்ன போட்டிருக்கீங்க பாஸ்?" என்று கேட்டேன்.

"ரேஸ் கேம்" என்றார் அவர். நான் அவர் காலில் விழாத குறை.

கேம் என்று செல்லமாகச் சொல்லும் கேம்ஷாஃப்ட் என்பது வரிசையாக முட்டை வடிவ மேடுகள் உள்ள ஒரு இரும்புத் தண்டு. இன்ஜினின் வால்வுகள் எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் ஒரு கண நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். ரேஸ் கேமில் அந்த நேரம் நீண்டுவிடும். ரேஸ் மைதானத்தில் அசுர வேகத்தில் அது நல்லது. மெதுவாக ஓடும்போது உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் புகையும் கலந்து இன்ஜினுக்கு மூச்சு முட்டும். நான் மயங்கி நின்ற அந்தத் தடக் தடக், அப்படி மூச்சு முட்டும் சத்தம்தான். ஆஸ்துமாக்காரர் இருமுவதைக் கேட்டுக் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் நான்.

மறுவாரம் அம்பாங்கில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையானவர். இரண்டு கேம்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று, சூப்பர்சார்ஜர் போட்ட சாலைக் காருக்கென்றே செதுக்கியது. அதில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவு. மற்றது ரேஸ் கேம். காரின் எடை என்ன, கியர் எப்படி, இன்ஜினை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் அதிகம் ஓட்டுவீர்கள், தினமும் ஓட்டும் காரா என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இதுல எது பாஸ் நல்லா சத்தம் போடும்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ரேஸ் கேமைத் துணியால் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். சொல்லித் திருத்தமுடியாத ஆளைப் பார்த்தால் கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

லியோங்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெட்டியைத் திறந்தவன், பாம்பைப் பார்த்ததுபோல உடனே மூடினான்.

"மச்சா, உனக்கு மூளை இருக்கா? இது ரேஸ் கேம் லா. சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு இது தாக் போலே."

"ஏன் முடியாது? வேகமா போறதுக்குத்தானே ரெண்டும்?"

"டேய், நீ முன்வாசல் வழியா ஆள் வச்சுக் காத்தைத் தள்ளுறே. இந்த கேம் பின்வாசலையும் திறந்து வைக்குது. தள்ளுற காத்தெல்லாம் நேரா வெளிய போயிடும் லா. பெட்ரோலும் சேர்ந்து போகும். மெதுவா போனா குதிக்கும். பிரேக்கு கல்லு மாதிரி ஆயிடும். வேணாம். மாத்திட்டு வா."

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எனக்கோ அவன் சொல்லச் சொல்லப் பிடிவாதம்தான் ஏறியது. அந்த வயதில் என்னிடம் ஒரு குணம் இருந்தது. யாராவது வேண்டாம் என்றால், அது எனக்கு வேண்டும் என்பதற்கான அத்தாட்சி என்று எடுத்துக்கொள்வேன். மூன்று நாள் அவன் வொர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "இவன் என் தங்கச்சி கல்யாணத்துக்கு உதவி செய்யமாட்டேங்கிறான்" என்று முறையிட்டேன். நான்காம் நாள் லியோங் ஸ்பேனரை எடுத்தான்.

"மாட்டித் தரேன். ஆனா கல்யாணத்துல யாராச்சும் கேட்டா என் பேரைச் சொல்லாதே" என்றான்.

கேம் ஏறியது. சத்தம் வந்தது. பார்க்கிங்கில் கேட்டதைவிட அபாரமான சத்தம். எங்கள் வரிசை வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தத்தைக் காட்டும் முள் மட்டும் முன்பு போன இடத்தில் பாதிக்குமேல் ஏறவில்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மீட்டரை மாற்றினேன். புது மீட்டரும் அதையே காட்டியது. இரண்டு மீட்டரும் கெட்டுவிட்டன என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு குமரேசன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுங்கை பூலோக்காரர். தண்ணீர் பம்புகளைப் பராமரிக்கும் வேலை. பத்துக் கேள்வி கேட்டால் இரண்டு வார்த்தை பதில் வரும். அவரைக் காரைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று கேட்டார்.

"மச்சான், ஊர்வலத்துக்குத்தானே இந்த கார்? நடக்கற வேகத்துல போகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. பம்பு பார்க்கிறவருக்கு ரேஸ் கேம் பற்றி என்ன தெரியும்? "போறதுக்கு என்ன மாப்ளே, பறக்கும்!" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனார்.

மாலினிக்கும் பயம் இருந்தது. "அண்ணே, பேசாம அந்த கேமைக் கழட்டிடு. இல்லன்னா வாடகைக் காரே எடுத்துக்கலாம். அவங்க வீட்டு ஆளுங்க ரொம்ப அமைதி. அப்பா இல்லாத வீடுன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது" என்றாள். எனக்கும் அதே பயம்தான், அதனால்தானே இந்தப் பாடெல்லாம். "ஒன்பதரைக்கு மாப்பிள்ளை மண்டப வாசல்ல இறங்குவாரு. இது அப்பா மேல சத்தியம்" என்றேன். முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. அதற்குள் தாலி ஏறவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைச் செய்யத்தான் நான் இந்த மண்ணில் பிறந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கல்யாண நாள் காலை கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்த அந்தப் பயணம் இருக்கிறதே, அது எனக்குச் சொர்க்கம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, ஜன்னல் திறந்திருக்கிறது (ஏர்கான் போட்டால் இன்ஜின் நின்றுவிடும்), மூக்கில் மல்லிகைப்பூ வாசம், காதில் இன்ஜின் கர்ஜனை. ஒரு சிவப்பு விளக்கில் மட்டும் பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு சிறு கோயிலில் காத்திருந்தார்கள். அங்கிருந்து மண்டபம் முந்நூறு மீட்டர். நாற்பது பேர், நாதஸ்வரக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். நான் காரை நிறுத்தியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தடக்... தட தடக். நான் கனவு கண்ட தருணம். ஒரு ஆன்டி பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏன்டி அந்த கார் இப்படி நடுங்குது? ஏதும் நோவா?"

மாலை போட்டேன், மோதிரம் போட்டேன். குமரேசன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமா. அவர் எஸ்டேட் காலத்துக் கண்டிப்பு மிச்சமிருந்த மனிதர். உட்காரும்போதே சொல்லிவிட்டார். "தம்பி, மண்டப வாசல்ல நீங்க ஆரத்தி எடுத்து அழைக்கற வரைக்கும் மாப்பிள்ளை கால் தரையில படக்கூடாது. எங்க வீட்டு மரியாதை அது."

"ஒரு குறையும் வராது மாமா" என்றேன். மேளம் முழங்கியது. கிளட்சை விட்டேன்.

கார் தவளைபோல ஒரு தாவு தாவியது.

நடக்கிற வேகத்தில் அந்த இன்ஜினுக்கு ஓடத் தெரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் நின்றுவிடும். தொட்டால் பாயும். இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் குமரேசனின் தலைப்பாகை கூரையில் இடித்தது. தாய்மாமா முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முன்னால் தவில்காரர் வழக்கப்படி மாப்பிள்ளையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து வாசித்துக்கொண்டிருந்தார். முதல் தாவலில் சிரித்தார். இரண்டாம் தாவலில் சிரிப்பு போயிற்று. மூன்றாவதில் பம்பர் அவர் வேட்டியைத் தொட்டது. அதற்குப் பிறகு அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பம்பரை மட்டும்தான் பார்த்தார்.

பயத்தில் மனிதருக்குக் கை வேகமெடுத்தது. நாதஸ்வரக்காரரும் வேறு வழியில்லாமல் அவரோடு ஓடினார். நிதானமாக வாசிக்கவேண்டிய ஊர்வல வாசிப்பு கிடுகிடுவென்று ஏறி, கடைசியில் கெட்டிமேளமே ஆகிவிட்டது. சத்தம் மண்டபம் வரை கேட்டிருக்கிறது. கெட்டிமேளம் என்றால் தாலி ஏறுகிறது என்றுதானே அர்த்தம்? உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர், கையிலிருந்த அட்சதையை ஆளில்லாத மணவறைமேல் தூவிவிட்டார்கள். ஐயர் எழுந்து நின்று, "யாருக்குத் தாலி கட்டினா?" என்று கேட்டாராம். (இதை எனக்குப் பிறகு சொன்னவர் அப்பாவின் அக்கா, பாக்கியம் அத்தை. அவரும் தூவியவர்தான். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

நூறு மீட்டர் தாண்டியதும் எரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்த பெட்ரோலெல்லாம் சேர்ந்து சைலன்சருக்குள் பற்றிக்கொண்டது. டமார்! பின்னால் வந்த பெண்கள் தட்டுகளோடு சிதறினார்கள். "வெடி போட வேணாம்னு முன்னாடியே பேசினோமே!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒண்ணுமில்ல ஆன்டி, அது இன்ஜின்!" என்று ஆறுதல் சொன்னேன். என்னுடைய அந்த ஆறுதலை யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதோடு ஒரு நாற்றமும் கிளம்பியது. தாய்மாமா மோந்து பார்த்து, "சாம்பிராணியா?" என்றார். கிளட்ச் எரிந்துகொண்டிருந்தது. முந்நூறு மீட்டரில் இருநூறைக் கடந்து, சரியாகத் தெருவின் நடுவில், கார் கடைசியாக ஒருமுறை இருமி அடங்கியது.

சாவியைத் திருப்பினேன். டிக். இன்னொரு முறை. டிக். வழியெல்லாம் நின்று நின்று ஸ்டார்ட் செய்ததில் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் இரட்டை வரிசையில் கார்கள். வேறொரு கார் உள்ளே வர வழியில்லை. பின்னால் ஐஸ் ஏற்றிவந்த ஒரு லோரி விடாமல் ஹார்ன் அடித்தது. என் வாழ்க்கையில் லோரிகள் என்னை விட்டதே இல்லை. மணி ஒன்பது ஐம்பது.

பாக்கியம் அத்தை மண்டபத்திலிருந்து ஓடிவந்தார். "என்னடா ஆச்சு? அங்க ஐயரு முகூர்த்தம் போயிடும்னு கத்துறாரு. மாலினி அழுவுது!"

"ரெண்டு நிமிஷம் அத்தை. இப்போ ஸ்டார்ட் ஆயிடும்."

"இறங்கி நடந்தே வரட்டுமே!"

"கால் தரையில படக்கூடாது" என்றார் தாய்மாமா.

நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மாலினி அழுகிறாள் என்ற அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. அப்பா ஓட்டியபடியே விட்டிருந்தால் இந்தக் கார் இந்நேரம் பூனைபோல மண்டப வாசலில் போய் நின்றிருக்கும். மெதுவாகப் போவது ஒன்றுதான் அதற்குப் பிறவியிலேயே நன்றாக வரும். அதைத்தான் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் காரிடம் யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. பத்தாவது முறை சாவியைத் திருப்பினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. குமரேசன்.

"மச்சான், விடுங்க. கியரை நியூட்ரல்ல போடுங்க. ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க."

"நீங்க என்ன மாப்ளே பண்ணப் போறீங்க?"

"தள்ளப் போறேன்."

தாய்மாமா பதறினார். "டேய், மரியாதை என்ன ஆவறது?"

குமரேசன் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "மாமா, இவங்க அப்பா கார்லதான் நான் வரணும்னு ஆசைப்பட்டாங்க. கார் வாசலுக்கு வரட்டும். நானும் கூடவே வரேன்." நான் கேட்டு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். இன்றுவரை அந்தச் சாதனையை அவர் முறியடிக்கவில்லை.

இறங்கினார். பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். மாலையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, காரின் பின்புறத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். மாப்பிள்ளையே தள்ளும்போது மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? சித்தப்பாக்கள் ஓடிவந்தார்கள். ஐஸ் லோரிக்காரர் இறங்கிவந்து கை கொடுத்தார். தாய்மாமா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு அவரும் தோள் கொடுத்தார். தவில்காரர் மட்டும் காரைச் சுற்றிவந்து பின்னால் நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தார். இனி முன்னால் நிற்பதாக இல்லை என்று தீர்மானித்துவிட்டார்.

இன்ஜின் செத்த பிறகு அந்தக் கார் எவ்வளவு அழகாக நகர்ந்தது! ஒரு குலுக்கல் இல்லை. மேளத்துக்கும் காலடிக்கும் சரியாக, நடக்கிற வேகத்தில் போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அவமானம் பாதி. மீதி என்னவென்று இப்போது சொல்லமுடியும், அப்போது தெரியவில்லை. என் தங்கை நல்ல இடத்தில்தான் போய்ச் சேருகிறாள் என்று எனக்கு அந்த நூறு மீட்டரில் உறுதியாகிவிட்டது.

வாசலில் நிறுத்துவதற்கு பிரேக்கை மிதித்தேன். கல். ஸ்டியரிங்கில் தொங்கி இரண்டு காலாலும் மிதித்ததில், இடதுபக்க வாழைமரத்தை மட்டும் சாய்த்துவிட்டுக் கார் நின்றது.

பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. நிஜமான கெட்டிமேளம் கேட்டபோது பாதிப் பேரிடம் தூவ அட்சதை இல்லை. ரேஸ் கேம் புண்ணியத்தில் காரின் பின்புறம் முழுக்கக் கரி அப்பியிருந்தது. அதைத் தள்ளிய கையோடுதான் குமரேசன் தாலி கட்டினார். கழுவ நேரமில்லை. கல்யாணப் படங்களில் மாலினியின் கழுத்தோரம் ஐந்து விரல் கரித்தடம் தெளிவாகத் தெரியும். படக்காரர் அதை அழித்துத் தருகிறேன் என்றபோது, அவள் அழித்தால் படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

என்னிடம் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோது, "ஒன்பதரைன்னு சொன்னே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் நான் மறுபடியும் அழ ஆரம்பித்தேன். அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது. அதைத்தான் அழிக்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம், குமரேசனும் நானும் அம்பாங்குக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. சாதுவான கேம் ஒன்றை வாங்கிவந்தோம். லியோங் அதை மாட்டி முடித்ததும் மீட்டர் முள் பழைய இடத்துக்கு ஏறியது. இரண்டு மீட்டரும் ஒரே சமயத்தில் குணமாகிவிட்டன.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் கேலியாகப் போயிருக்கும். ஆனால் மாலினியும் குமரேசனும் சண்டை சச்சரவில்லாமல் வாழ ஆரம்பித்தார்கள். இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார் பாக்கியம் அத்தை. இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் கல்யாணம் கிள்ளானில் நடந்தது. புத்தம்புதுக் கார், ஒரு கோளாறும் இல்லை. மண்டபத்துக்கு நூறு மீட்டர் முன்னால் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணு. மாப்பிள்ளைய இறங்கித் தள்ளச் சொல்லு. நம்ம குடும்பத்துக்கு அதுதான் ராசி."

தள்ளினார் அந்த மாப்பிள்ளை. அவர்களும் நன்றாக இருக்கிறார்கள். அதற்கடுத்த கல்யாணத்தில் யாரும் சொல்லவே தேவைப்படவில்லை. மாப்பிள்ளை இறங்கித் தள்ளும் இடத்தில் கோலம் போட்டிருந்தார்கள். இப்போது ஒரு ஆரத்தியும் சேர்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் யார் என்ற கேள்வியே கிடையாது. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் காரை நடுத்தெருவில் அணைத்துவிட்டு உட்காரும் உரிமை எனக்குத்தான்.

போன மாதம் நடந்தது ஐந்தாவது. மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு காரைத் தள்ளி முடித்து வியர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்குள் போனதும், அவருடைய பெரியப்பா என்னிடம் வந்தார். சடங்கு சம்பிரதாயம் எல்லாம் தெரிந்தவர்போல இருந்தார். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"ரொம்ப அருமையான வழக்கம் தம்பி. எங்க பக்கம் இது விட்டுப்போச்சு போல. உங்க வீட்டுல எத்தனை தலைமுறையா செய்றீங்க?"

பக்கத்தில் நின்ற குமரேசன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மாலினி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரியா தெரியல அங்கிள்" என்றேன். "அந்தக் காலத்துல மாட்டு வண்டியைத் தள்ளினாங்களாம்."